கூப்பிடாமல் வந்த ரத்தம்

காளியாத்தாள் ஒரு முட்டையைக் கையில் எடுத்தாலே அதற்குள் உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். பிறகு பல்பு வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதெல்லாம் மற்றவர்களுடைய திருப்திக்குத்தான். பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் பதினாலு வருஷம் இருட்டறையில் நின்ற கை அது. தகர டப்பாவுக்குள் பல்பு எரியும். டப்பாவில் போட்ட ஓட்டையில் முட்டையை வைத்தால் ஓடு சிவந்து உள்ளே இருப்பது தெரியும். ஐந்தாம் நாளில் சிலந்தி கால் பரப்பியது போலச் சிவப்பு நரம்பு ஓடியிருந்தால் அது உயிர். வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை. மூன்றாவது ஒரு வகை உண்டு. நரம்பு ஓடி, உயிர் வந்து, பிறகு போய்விட்டதென்றால், ரத்தமெல்லாம் ஓரத்தில் ஒதுங்கி மோதிரம் போல ஒரு வளையமாக நிற்கும். அந்த முட்டையை மட்டும் காளியாத்தாள் உடனே கூடையில் போட மாட்டாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பாள்.

அவள் பிறந்தது தாராபுரத்துக்குத் தெற்கே, அமராவதிக் கரையோரம். அப்பனுக்கு நாலு பிள்ளைகள், இவள் மூன்றாவது. கட்டிக்கொடுத்தது சூலூர்ப் பக்கத்து அங்கப்பனுக்கு. அங்கப்பனுடைய அம்மாவும் இவளுடைய அப்பனும் பங்காளி வீட்டு அக்கா தம்பி. அங்கப்பன் மோட்டார் பம்பு வார்க்கிற பட்டறையில் மண்ணச்சுப் பிடிக்கிறவர். இவர்களுக்குப் பிறந்து தங்கியது ஒரே மகள், துளசிமணி. அவளைப் பொள்ளாச்சிக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை சென்னியப்பன், அதிகம் பேசாதவன். அவனுக்கும் சேர்த்து அவனுடைய அம்மா மயிலாத்தாள் பேசுவாள்.

காளியாத்தாளுடைய அப்பனுக்கு ஒரு தங்கை இருந்தாள், செல்லாத்தாள் என்று. அவளைப் பற்றிச் சொந்தத்தில் யாரும் பேசுவதில்லை. கல்யாணமான மறு வருஷம் வயிறு வந்தது. நாலாம் மாதத்திலேயே ஏழு மாத வயிறு. இரட்டைப் பிள்ளை என்று ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் பலகாரக் கூடையோடு வந்து பார்த்துப் போனார்கள். ஒரு நாள் காலையில் ரத்தம் இறங்கியது. அதோடு இறங்கியது பிள்ளையல்ல. கொத்துக் கொத்தாய்த் தவளை முட்டை மாதிரி இருந்தது என்று பக்கத்திலிருந்த மருத்துவச்சி சொன்னாளாம். மத்தியானத்துக்குள் செல்லாத்தாள் போய்விட்டாள். ஏதோ ஒன்று வயிற்றில் வந்து குடியிருந்தது என்றார்கள். அவள் பெயரை அந்த வழியில் அப்புறம் எந்தப் பெண்ணுக்கும் வைக்கவில்லை. அன்றைக்குக் காளியாத்தாளுக்கு ஆறு வயசு. கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றைந்தில் பொரிப்பகத்துக்கு முட்டை வாங்க ஒரு டாக்டர் வந்தார். பெயர் கோவிந்தராஜுலு. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கோயமுத்தூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் வைத்து நடத்துகிறவர். உடம்புக்குள் ரத்தக்குழாய் எப்படி வளர்கிறது, எது அதை வா என்று கூப்பிடுகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. உயிர் முட்டையாகப் பார்த்துக் கொடு என்று அவர் கேட்க, காளியாத்தாள் நூறு முட்டையை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. மறு மாதமே அவளைத் தன்னிடம் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

அங்கே ஒரு வெதுவெதுப்பான அறை. மூன்று இன்குபேட்டர்கள் முனகிக்கொண்டே இருக்கும். எட்டாம் நாள் முட்டையின் மேல் ஓட்டில் சின்ன ரம்பப் பிளேடால் சதுரமாக அறுத்து, சன்னல் திறக்க வேண்டும். உள்ளே ஈரத்தில் நனைந்த கண்ணாடித் தாள் மாதிரி ஒரு சவ்வு. அது முழுவதும் சிவப்புக் கொடிகள். கொடிகளுக்கு அடியில், ஒரு பக்கமாக, கருப்பாக ஒரு கண். இமை மூடாத கண். முதல் தடவை அதைப் பார்த்தபோது காளியாத்தாள் பிளேடை வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பழகின பிறகும், சன்னலைத் திறந்ததும் அந்தக் கண் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நின்றுதான் வேலை செய்வாள்.

அந்தச் சவ்வின் மேல், மருந்தில் நனைத்து உலர்த்திய வட்டத் தாள் ஒன்றை இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். பஞ்சிங் மிஷினில் குத்தி எடுத்தது போலச் சின்ன வட்டம். பிறகு சன்னலை ஒட்டுத் தாளால் மூடிவிட வேண்டும். நாலாம் நாள் லென்ஸில் பார்த்து, அந்த வட்டத்தை நோக்கி எத்தனை குழாய் வந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். கூட வேலை பார்த்த ஆராய்ச்சி மாணவன் கிருபாசங்கர், அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வான்.

"அப்படி என்னங்க மருந்து இது?" என்று ஒரு நாள் டாக்டரிடம் கேட்டாள்.

"வயித்துல கரு ஒட்டினதும் அது ஒரு சேதி அனுப்பும் அம்மணி. 'நான் வந்துட்டேன், எனக்கு ரத்தம் அனுப்பு'ன்னு. அந்தச் சேதிதான் ஹார்மோன். ஆத்தா உடம்பு அதைக் கேட்டுட்டு ரத்தக்குழாயை அந்தப் பக்கம் திருப்பி விடும். மாசமா இருக்கற பொம்பளைங்க மூத்திரத்துலருந்து இதைப் பிரிச்சு எடுக்கறாங்க."

"அட கருமமே! இத்தனை நாளா அதையா இடுக்கில எடுத்து எடுத்து வெச்சுட்டிருக்கறேன்?"

"நீங்களாச்சும் இடுக்கிலதான் எடுக்கறீங்க அக்கா. நான் இன்னைக்கு அதே கையோட டிபன் பாக்ஸைத் தொறந்துட்டேன்" என்றான் கிருபாசங்கர். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று டாக்டர் ஒரு பெரிய சோதனை வைத்தார். மருந்து நனைத்த தாள் ஒரு கிண்ணம், வெறும் உப்புத் தண்ணீர் நனைத்த தாள் ஒரு கிண்ணம். எதில் எது என்று எண்ணுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஏமாற்றிவிடும் என்றார். அதனால் வேறு பிரிவில் இருந்த வெங்கடபதி என்பவர் தாள்களை நனைத்து, ஒரு கிண்ணத்துக்குச் சிவப்பு நூலும் இன்னொன்றுக்கு வெள்ளை நூலும் கட்டி, எது மருந்து என்பதை ஒரு கவரில் எழுதி ஒட்டிவிட்டார். காளியாத்தாளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாதே என்றுதான் நூல் கட்டினார்கள். இருபத்துநாலு முட்டை. ஒற்றைப்படை முட்டைக்குச் சிவப்புக் கிண்ணத்துத் தாள், இரட்டைப்படைக்கு வெள்ளைக் கிண்ணத்துத் தாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் பஸ் ஏறி, மகளைப் பார்க்கப் போயிருந்தாள். துளசிமணிக்கு அதற்கு முன் இரண்டு தரம் தங்காமல் போயிருந்தது. இது மூன்றாவது. பதினேழு வாரம் என்று சுகாதார நர்ஸ் கொடுத்த அட்டையில் எழுதியிருந்தது. வயிறு ஆறு மாதத்தைத் தாண்டின மாதிரி நின்றது. முகம் மட்டும் வற்றிப்போய், கண் உள்ளே போயிருந்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி.

"ரெட்டைப் புள்ளைங்க சம்பந்தி!" என்றாள் மயிலாத்தாள், காய வைத்த கொப்பரையைக் கிளறிக்கொண்டே. "எங்க மாமனார் வழியில உண்டு. அவிங்க சின்னம்மாளுக்கு ரெட்டை, அந்தச் சின்னம்மா மகளுக்கும் ரெட்டை."

"நர்சு ஸ்கேன் பாக்கச் சொல்லியிருக்குதாமுங்க?"

"அதென்னத்துக்கு? பூ கேட்டாச்சுங்க. போன வெள்ளிக்கிழமை கோயில்ல செவப்பும் வெள்ளையும் பொட்டலம் கட்டிப் போட்டு, 'கரு நிக்குமா சாமி'ன்னு கேட்டோம். பளிச்சுனு வெள்ளை வந்துச்சு. சாமி சொன்னதுக்கு மேல மிஷின் என்னங்க சொல்லப்போகுது?"

காளியாத்தாளும் பூ வாக்குக் கேட்டு வளர்ந்தவள்தான். அவளுடைய கல்யாணமே வெள்ளைப் பூ வந்த பிறகுதான் நிச்சயமானது. அதனால் ஸ்கேன் பேச்சை அதோடு விட்டுவிட்டாள். கிளம்பும்போது மகளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மாவு பிசைந்து வைத்தது போல மெத்தென்று இருந்தது. சூடு இருந்தது. முட்டையைக் கையில் எடுத்தால் அவளுக்குக் கிடைக்கிற பதில் ஒன்று உண்டே, அது மட்டும் வரவில்லை. கையைக் கொஞ்ச நேரம் எடுக்காமலே வைத்திருந்தாள்.

"என்னம்மா?" என்றாள் துளசிமணி.

"ஒண்ணுமில்லடி அம்மணி" என்றாள்.

திங்கட்கிழமை தாள் வைக்கிற நாள். இரண்டு கிண்ணங்களும் சிவப்பு நூலும் வெள்ளை நூலுமாக அவள் முன்னால் இருந்தன. எதில் எது என்று யாருக்கும் தெரியாது. காளியாத்தாள் அவற்றைப் பார்த்தாள். கோயிலில் தட்டின் மேல் கிடக்கும் இரண்டு பொட்டலங்களைப் பார்ப்பது போலவே இருந்தது. பதினேழாம் முட்டைக்கு வந்தபோது, மகளுடைய அட்டையில் இருந்த பதினேழு ஞாபகம் வந்தது. அதற்குச் சிவப்புத்தான் வைக்க வேண்டும். ஆனால் அவளுடைய வழியில் வெள்ளைதான் சாமியின் சம்மதம். ஆகையால் வெள்ளைக் கிண்ணத்தில்தான் மருந்து இருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. கிருபாசங்கர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தான்.

'சாமி, இந்த முட்டையில ரத்தம் வந்துச்சுன்னா என்ற புள்ள வயித்துல நிக்குதுன்னு எடுத்துக்கறேன்' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு, வெள்ளைக் கிண்ணத்துத் தாளை எடுத்துப் பதினேழில் வைத்தாள். மருந்துத் தாளை வைத்துவிட்டு ரத்தம் வருமா என்று கேட்பது சாமியை ஏமாற்றுவதுதான் என்று அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்காகச் சாமி இதைக் கண்டுகொள்ளாது என்று நினைத்தாள். சன்னலை அறுக்கும்போது என்றைக்கும் இல்லாமல் அன்றைக்குக் கை நடுங்கியிருந்தது.

மறுநாள் ஒட்டுத் தாள் வழியாகப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் தெரிந்தது. ஒற்றைப்படை முட்டைகளில், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த குழாய்கள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல வழியில் நின்று, வட்டத்தைப் பார்த்துத் திரும்பத் தொடங்கியிருந்தன. இரட்டைப்படை முட்டைகளில் குழாய்கள் தாளைக் கண்டுகொள்ளாமல் பக்கத்திலேயே கடந்து போயின.

காளியாத்தாள் இரண்டு கிண்ணங்களையும் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் மருந்து சிவப்பில். வெள்ளை வெறும் தண்ணீர். மகளுக்கென்று எடுத்து வைத்தது வெறும் தாள்.

பதினேழைப் பார்க்காமலே அன்றைக்கு வீட்டுக்குப் போனாள். சோறு இறங்கவில்லை. "மேலுக்குச் சொகமில்லையா?" என்று அங்கப்பன் இரண்டு தரம் கேட்டார். அவரிடம் எதைச் சொல்வது? முட்டையிடம் மகளைப் பற்றிக் கேட்டேன் என்றா?

நாலாம் நாள் எண்ணிக்கை. லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணிக்கொண்டே வந்தாள். ஒற்றைப்படைகளில் எட்டு, பத்து, ஒன்பது. இரட்டைப்படைகளில் இரண்டு, ஒன்று, இரண்டு. பதினேழு வந்தது. ஒட்டுத் தாளை உரித்துக் குனிந்தாள்.

வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல, எல்லாப் பக்கத்திலிருந்தும் குழாய்கள் வந்திருந்தன. கனமான குழாய்கள், அவற்றுக்கு நடுவே மெல்லியவை, அவற்றுக்கும் நடுவே மயிரிழை மாதிரி. எண்ணினாள். இருபத்துமூன்று.

"அடேங்கப்பா! பதினேழுதான் இந்த வருஷம் முதல் மார்க்கு" என்றான் கிருபாசங்கர். "நகருங்க அக்கா, போட்டோ புடிச்சுக்கறேன்."

முதலில் காளியாத்தாளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாம் ஏமாற்றியும் சாமி கை விடவில்லை என்று நினைத்தாள். போட்டோ எடுத்து முடித்ததும் மறுபடி லென்ஸில் குனிந்தாள், இன்னொரு தரம் கண் குளிரப் பார்க்கலாம் என்று. அப்போதுதான் நடுவில் பார்த்தாள். நடுவில் வெள்ளைத் தாள். வேறொன்றும் இல்லை. இருபத்துமூன்று குழாய்களும் அதன் விளிம்பு வரைக்கும் வந்து, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நம்பி வந்தவர்கள் பூட்டின வாசலில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தன. நின்ற இடத்தில் துடித்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மகளின் வயிற்றில் வைத்த உள்ளங்கையில் அந்த மெத்தென்ற சூடு திரும்ப வந்தது. கூடவே, ஆறு வயசில் கதவிடுக்கில் நின்று கேட்ட 'தவளை முட்டை' என்ற சொல்லும் வந்தது.

அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நோட்டில் பதினேழு ஒற்றைப்படை. ஒற்றைப்படைக்கு ரத்தம் வந்திருக்கிறது. கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் டாக்டரிடம் கேட்க வேண்டுமென்றால் செய்ததைச் சொல்லியாக வேண்டும். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. நேரே அவருடைய அறைக்குப் போனாள்.

"ஏனுங்க டாக்டருங்க, கூப்புட ஆளில்லாத எடத்துக்கு ரத்தம் போகுமுங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

சொன்னாள். பூ வாக்கு, அட்டையில் பதினேழு, வெள்ளைக் கிண்ணம், எல்லாம். டாக்டர் எழுந்து போய்க் கிண்ணங்களைத் திறந்து மிச்சத் தாள்களை எண்ணினார். ஒவ்வொன்றிலும் பதினைந்து போட்டிருந்தது. சிவப்பில் மூன்று மிச்சம் இருக்க வேண்டியது நாலு இருந்தது. வெள்ளையில் இரண்டு.

"மூணு மாச வேலை அம்மணி" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "ஒரு முட்டை மாறினாலும் இனி இந்தக் கணக்கை நான் நம்ப முடியாது. முழுசாத் திரும்பப் பண்ணணும்."

"பண்ணித் தாரனுங்க. ஞாயித்துக்கெழமையும் வந்து பண்ணித் தாரேன். நீங்க நான் கேட்டதுக்குச் சொல்லுங்க."

"சன்னல் அறுக்கறப்போ ஓட்டுத் தூள் உள்ள விழுந்திருக்கும். தூள் விழுந்தாலே சவ்வு எரிச்சலாகி அந்த எடத்துக்கு ரத்தம் வரும். இது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்."

"முட்டைக்குச் சரிங்க. பொம்பளை வயித்துல?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு?"

நாலு மாதத்துக்கு ஆறு மாத வயிறு, விடாத வாந்தி, கை வைத்தால் மாவு மாதிரி மெத்தென்று இருப்பது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவருடைய முகத்திலிருந்து கோபம் போய் வேறொன்று வந்தது. அவர் கடைசியாக ஒன்று கேட்டார்: "உங்க வழியில யாருக்காச்சும் இப்படி ஆகியிருக்கா?"

முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு காளியாத்தாள் அத்தையின் பெயரை வாய்விட்டுச் சொன்னாள்.

"சில சமயம் புள்ளை உருவாகாமலே அந்தச் சேதி மட்டும் போகும் அம்மணி" என்றார் டாக்டர். "நூறு புள்ளைக்கு உண்டான சேதி. உடம்பு அதை நம்பி ரத்தத்தைக் கொண்டுபோய்க் கொட்டும். முத்துப்பிள்ளைன்னு சொல்லுவாங்க. அதாத்தான் இருக்கணும்னு இல்ல. ஆனா நாளைக்கே ஸ்கேன் பாத்தாகணும். வரலட்சுமி டாக்டருக்கு நான் போன் போடறேன்."

மத்தியானமே உக்கடம் போய்ப் பொள்ளாச்சி பஸ் ஏறிவிட்டாள். தோப்பு வீட்டை அடைந்தபோது மயிலாத்தாள் தொட்டிக் குழாயில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சம்பந்தி! ஞாயித்துக்கெழமைதான வந்தீங்க? மக மேல அம்புட்டு ஆசையா?"

"ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போக வந்தனுங்க."

மயிலாத்தாள் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். "எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா? இல்ல, சாமி மேலயே இல்லீங்களா? ஸ்கேனுக்குப் போறவங்க எதுக்குப் போறாங்கன்னு ஊருக்கே தெரியுமுங்க. பொட்டைப் புள்ளையான்னு பாக்கப் போயிட்டாங்கன்னு பேசுவாங்க. வெள்ளைப் பூ குடுத்த சாமி பொய் சொல்லுமுங்களா?"

"சாமி பொய் சொல்லலீங்க சம்பந்தி" என்றாள் காளியாத்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். "நாம கேட்டதுக்குத்தான் அது பதில் சொல்லுச்சு. நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"கரு நிக்குமான்னு கேட்டோம்."

"நிக்குது. நின்னுட்டுத்தான் இருக்குது. உள்ள புள்ளை இருக்குதான்னு கேட்டீங்களா?"

குழாயில் வந்த தண்ணீர் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் மூடவில்லை. மயிலாத்தாள் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. "என்ன பேச்சுங்க இது, வெளக்கு வெக்கிற நேரத்துல" என்றாள் மெதுவாக.

வாசலில் துளசிமணி வந்து நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நான் வாரேன்" என்றாள். மாமியாரைப் பார்க்காமல், கீழே பார்த்துக்கொண்டே, "மூணு நாளாத் துணியில கறை படுதுங்க அத்தை. சொன்னாக் கஷ்டப்படுவீங்கன்னு சொல்லலீங்க" என்றாள்.

சென்னியப்பன் அதுவரைக்கும் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, கொப்பரை ஏற்றுகிற ஜீப்பை எடுத்துவரப் போனான்.

மறுநாள் காலையில் வரலட்சுமி டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். திரையில் தலை இல்லை, முதுகெலும்பு இல்லை, துடிப்பு இல்லை. ஸ்டேஷன் வராத டிவியில் தெரிகிற மாதிரி வெள்ளைப் புள்ளிகள் மட்டும் அலையலையாக நகர்ந்தன. டாக்டரம்மா திரையிலிருந்து திரும்பி, "உள்ள கொழந்தை இல்லீங்கம்மா. ஆரம்பத்துலருந்தே இல்ல" என்றார். மூத்திரத்தில் அந்த ஹார்மோன் அளந்து மாளாத அளவுக்கு இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ரத்தம் உடைத்துக்கொண்டு போயிருக்கும், பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார்.

அன்றைக்கே சுத்தம் செய்தார்கள். எஃகுச் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு போன ஆயாவைக் காளியாத்தாள் நிறுத்தினாள். பார்க்க வேண்டாம் என்று ஆயா சொன்னாள். அவள் கேட்கவில்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கொத்துக் கொத்தாக, கண்ணாடி மணி போல, தண்ணீர் நிறைந்து, ஒவ்வொன்றிலும் டியூப்லைட் வெளிச்சம் புள்ளியாக மின்னியது. ஆயுளுக்கும் முட்டை பார்த்தவள். இந்த முட்டைகளில் எதை எண்ணுவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு மூடியை மூடினாள்.

மூன்றாம் நாள் மயிலாத்தாள் தூக்குப் போசியில் ரசம் சோறு கொண்டுவந்தாள். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போசியைத் திறந்து வைத்துவிட்டு, "கேக்கத் தெரியாமக் கேட்டுட்டமுங்க சம்பந்தி" என்றாள்.

"நானுந்தானுங்க" என்றாள் காளியாத்தாள்.

அதோடு முடிந்துவிடவில்லை. மிச்சம் ஏதாவது உள்ளே ஒட்டியிருந்தால் அது பொல்லாத கட்டியாக மாறலாம் என்று, ஒரு வருஷம் மூத்திரத்தில் அந்த ஹார்மோனை அளந்துகொண்டே இருக்கச் சொன்னார்கள். முதலில் வாரம் ஒரு தரம், பிறகு மாதம் ஒரு தரம். ஒவ்வொரு தரமும் குப்பியை வாங்கிக்கொண்டு போனவள் காளியாத்தாள்தான். ரிசல்ட்டைப் படிக்கத் தெரியாது, கிருபாசங்கரிடம் காட்டுவாள். "எறங்குதுங்க அக்கா" என்பான். ஒரு தரம் மட்டும் இறங்காமல் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த வாரம் முழுவதும் இன்குபேட்டர் அறைக்குள் போகும்போதெல்லாம் அவளுக்கு முதுகுப்பக்கம் யாரோ நிற்பது போல இருந்தது. அடுத்த வாரம் இறங்கியது. தையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் ஒன்றுமில்லை.

சோதனையைத் திரும்பவும் முதலிலிருந்து செய்தார்கள். சொன்ன மாதிரியே ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அந்தத் தரம் நூல் கட்டவில்லை. வெங்கடபதி கிண்ணத்துக்கு ஒரு பொட்டு, இரண்டு பொட்டு என்று வைத்தார். அதற்கு முன்பே, பழைய முட்டைகளைக் கொட்டுகிற அன்றைக்கு, பதினேழை மட்டும் உடைத்துக் காட்டச் சொல்லி டாக்டரிடம் கேட்டாள். அவர் உடைத்தார். காலும் சிறகும் அலகுமாக முழுசான குஞ்சு; குறை ஒன்றும் இல்லை. ஏதாவது ஒரு குறை இருந்திருந்தால், அதனால்தான் ரத்தம் அப்படி வந்தது என்று அவளுக்கு மனசு ஆறியிருக்கும். "பாத்தீங்களா, தூள்தான்" என்றார் டாக்டர். "இருக்குமுங்க" என்றாள். கிருபாசங்கர் பிடித்த போட்டோ கட்டுரைக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்தது. அதை வாங்கிப் போய், ஸ்கேன் எடுத்த தாளோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் ஒருபோதும் பார்த்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் துளசிமணிக்கு மறுபடி நின்றது. ஏழாம் வாரத்திலேயே மயிலாத்தாளே முன்னால் நின்று ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோயிலுக்கும் போனார்கள், ஆனால் யாரும் பூ கேட்கவில்லை. "நீங்க முட்டையக் கையில எடுத்தே உசுரு இருக்குதான்னு சொல்லுவீங்களாமா, வயித்துலயும் கை வெச்சுச் சொல்லுங்க சம்பந்தி" என்று ஒரு ஒறம்பரை சொன்னபோது, காளியாத்தாள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. லோகப்பிரியா என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி சன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. துளசிமணி தூங்கிக்கொண்டிருந்தாள். காளியாத்தாள் குழந்தையை எடுத்து, அதன் காது மடலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, வெயிலுக்கு நேராகத் திருப்பினாள். மடல் சிவந்து, உள்ளே சிலந்தி கால் பரப்பியது போல நரம்புகள் தெரிந்தன. பழக்கத்தில் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலுக்குப் போகவில்லை. காதை விட்டுவிட்டு, குழந்தையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

குழந்தையின் கால்கள் அசையவில்லை; வயிற்றுக்கு உள்ளேயிருந்து, கையை எட்டி, ஒரு உதை வந்தது.